சிவப்பு வரியும் எட்டாம் வீட்டுச் சண்டையும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 48 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்றவன் என்பதால் சங்கப் பொருளாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான்கு வருடமாக மெயின்டனன்ஸ் கணக்கை எக்செல்லில் எழுதி, மாதாமாதம் பிரின்ட் எடுத்து லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். ஒன்றும் புரியவில்லை என்று எல்லோரும் குறை சொன்னதால் பேரன் உதவியோடு கலர் கொடுத்தேன். அதில்தான் வம்பு வந்தது. பணம் கட்டிவிட்ட ஏ பிளாக் 8-ஆம் வீட்டுக்காரரின் வரி சிவப்பாகவே இருந்துவிட்டது. 'நாலு பேர் பார்க்கிற இடத்தில் மானத்தை வாங்கிவிட்டீர்களே' என்று பொதுக்குழுவில் கத்திவிட்டார். கணக்கில் ஒரு பைசா தவறில்லை. ஷீட்டை லட்சணமாகவும் புரிகிற மாதிரியும் ஆக்க வழி சொல்லுங்கள். ஃபைலை இணைத்திருக்கிறேன்.

பதில்: சார், ஃபைலைத் திறந்ததும் முதலில் கூட்டலைத்தான் சரிபார்த்தேன். இருபது வருடம் அக்கவுன்ட்ஸில் இருந்த பழக்கதோஷம். நீங்கள் சொன்னது உண்மை, தொகை எங்கேயும் இடிக்கவில்லை. தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தச் சிவப்பு. உங்கள் பேரன் பெயின்ட் டப்பா படத்தை அழுத்தி, அன்றைக்கு யார் யார் பாக்கியோ அவர்கள் வரிக்குக் கையால் சிவப்பு அடித்திருக்கிறார். மறுநாள் ஏ-8 பணம் கட்டினார். நீங்களும் ஒழுங்காகத் தொகையைப் போட்டீர்கள், பாக்கி சுழி ஆனது. ஆனால் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரிதான் அதுவும், யாராவது சுரண்டினால்தான் போகும். எண்ணுக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பாக்கித் தொகைகளை மட்டும் (தலைப்பை விட்டுவிட்டு) தேர்ந்தெடுத்து, ஹோம் பட்டையில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் கிரேட்டர் தேன் என்று போய் 0 என்று கொடுத்திருந்தால், பணம் ஏறிய நொடியில் நிறம் தானாகப் போயிருக்கும். அவரும் கத்தியிருக்க மாட்டார்.

இருந்தாலும் சிவப்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் பிரின்ட் எடுப்பது ஜெராக்ஸ் கடையில், கறுப்பு வெள்ளையில். உங்கள் ஷீட்டில் ஏழு நிறங்கள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். சிவப்பும் கரும்பச்சையும் அந்த மெஷினில் ஒரே சாம்பலாகத்தான் வரும், அதன்மேல் கறுப்பு எழுத்து படிக்கவே முடியாது. சிவப்பு, பச்சை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதவர்களும் 48 வீட்டில் ஒருவராவது இருக்கலாம். பாக்கி இருந்தால் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில் வரட்டும், போதும். அதே ரூலில் கஸ்டம் ஃபார்மேட் என்று கொடுத்தால் போல்ட் போட இடம் இருக்கிறது. வரி முழுக்க நிறம் அடிப்பது பாக்கியைக் காட்டுவதற்கு இல்லை, ஆளைக் காட்டுவதற்கு. இன்னொன்று, போர்டில் பெயர் எதற்கு? வீட்டு எண் போதுமே.

சரி, புரியவில்லை என்று ஏன் சொல்கிறார்கள்? லிஃப்டுக்குக் காத்திருக்கும் ஒருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கேட்பது இரண்டே கேள்விதான். நான் எவ்வளவு தரணும்? வாங்கின காசு எங்கே போச்சு? நீங்கள் ஒட்டுவதோ 19 காலம் உள்ள ஷீட். (காலம் என்றால் இங்கே நேரம் இல்லை, கணக்கு நோட்டில் கோடு போட்டுப் பிரிப்போமே, அது.) ரசீது எண், செக் எண், வங்கிக் கிளை, யார் கையில் வாங்கியது, லாரி வண்டி எண் வரைக்கும் அதில் இருக்கிறது. எல்லாமே உங்களுக்கு வேண்டியதுதான், ஆடிட்டர் கேட்டால் நீட்ட வேண்டுமே. ஆனால் அது கல்லாப்பெட்டிக்குள் இருக்க வேண்டிய நோட்டு. அதையே எவ்வளவு அலங்கரித்து மாட்டினாலும் நோட்டீஸ் ஆகாது.

அதனால் ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள். 'பதிவு' என்று ஒரு ஷீட். அதில் அலங்காரமே கூடாது: ஒரு வரி தலைப்பு, கீழே ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு வரி, நடுவில் காலி வரி இல்லை, மாதக் கூட்டல் இல்லை. ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோலோடு ஆங்கில T எழுத்தை அழுத்தினால் அது டேபிளாகிவிடும். வரிக்கு வரி மெல்லிய நிழல் தானாக விழும், புது வரி எழுதினால் அதுவும் சேர்ந்துகொள்ளும், கீழே இறங்கினாலும் தலைப்பு மறையாது. மாதத்துக்கு ஒரு ஷீட் என்று நாற்பத்துச் சொச்சம் வைத்திருக்கிறீர்களே, அது எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். 'போர்டு' என்று இன்னொரு ஷீட். அது சம்இஃப்ஸ் (SUMIFS, கேட்ட வீட்டுக்கும் மாதத்துக்கும் உரிய தொகையை மட்டும் பொறுக்கிக் கூட்டுவது) ஃபார்முலாவால் பதிவிலிருந்து எடுத்துக் காட்டுவது மட்டும். அதில் கையால் ஒரு எண்கூட எழுதாதீர்கள்.

போர்டு ஷீட்டின் தலையில் நான்கே எண்கள்: ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு. அதன் கீழே வீட்டு எண், கட்ட வேண்டியது, கட்டியது, தேதி, பாக்கி என ஐந்து காலம். அப்புறம் செலவு, பெரிய தொகை மேலே வரும்படி. உங்கள் பிப்ரவரிக் கணக்கில் செக்யூரிட்டி சம்பளம், தண்ணீர் லாரி, ஈபி, லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இந்த நான்கும்தான் முக்கால்வாசிக்கு மேல். அவை 'பினாயில், துடைப்பம்' வரிக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கின்றன.

இப்போது உண்மையான அழகு வேலை. உங்கள் ஷீட்டில் எனக்கு மிகவும் கண்ணை உறுத்தியது நிறம்கூட இல்லை, எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருப்பதுதான். பார்க்கச் சீராக இருக்கும் என்று செய்திருப்பீர்கள். மளிகைக் கடை அண்ணாச்சி சீட்டில் கணக்கு எழுதுவதைப் பாருங்கள், ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து. 3,200-க்கும் 32,000-க்கும் வித்தியாசம் படிக்காமலே தெரியும், ஏனென்றால் பெரிய எண் இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் நிறுத்தினால் அந்த நீட்டல் இரண்டு பக்கமும் பங்காகிப் போகிறது, கண் ஏமாறுகிறது. எண்கள் வலப்பக்கம், எழுத்து இடப்பக்கம், தலைப்பு அதனதன் கீழே இருப்பதோடு ஒட்டி. இந்த ஒன்றைச் செய்தாலே ஷீட் பாதி சரியாகிவிடும்.

நடுவில் நிறுத்தியதில் இன்னொரு நஷ்டம், இது பெரிது. எக்செல் தானாகவே எண்ணையும் தேதியையும் வலப்பக்கம் தள்ளும், எழுத்தை இடப்பக்கம் விடும். அதாவது, தேதி என்று நினைத்து நீங்கள் எழுதியது இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால், எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். உங்கள் ஃபைலில் நடுநிலையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பாதித் தேதி இடப்பக்கம் ஓடியது, பாதி வலப்பக்கம். கூர்ந்து பார்த்தால், 13-ஆம் தேதியிலிருந்து வந்தவை எல்லாம் இடப்பக்கம். 12 வரைக்கும் வலப்பக்கம்.

இந்த லேப்டாப் அமெரிக்காவிலிருந்து வந்ததா சார்? மகனோ மகளோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அங்கே மாதம் முதலில், தேதி அப்புறம். நீங்கள் 05/04/2025 என்று ஏப்ரல் 5-ஐ எழுதினால் அது மே 4 என்று வாங்கி வைத்துக்கொள்கிறது. 18/04/2025 என்று எழுதினால், பதினெட்டாவது மாதம் ஏது என்று குழம்பி, வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. இதுவரை மாதத்துக்கு ஒரு ஷீட் போட்டுக் கையால் கூட்டியதால் தொகை தப்பியது. நான் சொன்னபடி பதிவிலிருந்து மாதவாரியாக எடுத்தால், ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஏப்ரலில் பாக்கிக்காரர்களாக நிற்பார்கள். அப்புறம் ஏ-8 மட்டும் இல்லை, பாதி பிளாக் உங்கள் வீட்டு வாசலில் இருக்கும்.

கன்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து 'இங்கிலிஷ் (இந்தியா)' என்று மாற்றுங்கள். இனிமேல் எழுதுவது சரியாக விழும். கூடவே இன்னொரு நன்மை: உங்கள் கார்பஸ் ஃபண்ட் (சங்கத்தின் சேமிப்பு நிதி) 1,250,000 என்று நிற்கிறதே, அது 12,50,000 என்று நம்மூர்க் கமாவுக்கு மாறிவிடும். பொதுக்குழுவில் பாதிப் பேர் அதை ஒன்றேகால் லட்சமா பன்னிரண்டரை லட்சமா என்று விரல் விட்டு எண்ணியிருப்பார்கள். பழைய தேதிகள் மட்டும் தானாகத் திருந்தாது. எழுத்தாக நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்து டேட்டா பட்டையில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாவது படியில் டேட் என்பதில் தேதி, மாதம், வருடம் வரிசையைக் கொடுத்தால் உயிர் பெற்றுவிடும். 12-க்குள் வந்தவற்றை ரசீது புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துக் கையால்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பின், கன்ட்ரோல்-1 அழுத்தி, மாதப் பெயர் மூன்றெழுத்தில் வரும் தேதி வடிவத்தை எடுங்கள். 'Apr' என்று எழுத்தில் இருந்தால் யாரும் குழம்ப முடியாது.

எக்செல்லின் இந்தத் தேதிப் பைத்தியம் உங்களுக்கு மட்டும் வந்த வம்பு இல்லை. மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்2' என்று பெயர் வைத்திருந்தவற்றை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், கடைசியில் 2020-இல் பெயர் சூட்டும் குழுவே இறங்கிவந்து மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது. உங்கள் சி பிளாக்கில் '3-2' என்று எழுதிய வீடு மார்ச் மாதமாகிக் கிடப்பதும் இதே கதைதான். வீட்டு எண்ணுக்கு 'சி-02' என்று பிளாக் எழுத்தும் இரண்டு இலக்கமும் கொடுங்கள். தேதியாகாது. வரிசைப்படுத்தும்போது 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கிற கூத்தும் இருக்காது. செக் எண் காலத்தை எழுதும் முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் 004512 என்பதில் முன்னால் இருக்கும் இரண்டு சுழியையும் விழுங்கிவிடும்.

அடுத்து, மெர்ஜ். 'ஏ பிளாக்' என்று 16 வரிகளை ஒன்றாக்கி, எழுத்தைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். இதில் எனக்கு ஒரு தழும்பு உண்டு. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிதில், சப்ளையர் பெயர்களை இப்படித்தான் மெர்ஜ் செய்து அழகு பார்த்தேன். மேனேஜர் தொகை வரிசையில் கேட்டார். மெர்ஜ் இருந்தால் எக்செல் வரிசைப்படுத்த மறுக்கும். சரி என்று மெர்ஜை எடுத்தேன், வரிசைப்படுத்தினேன், சேவ் செய்தேன். மெர்ஜை எடுத்தால் பெயர் முதல் கட்டத்தில் மட்டும்தான் தங்கும், மீதிக் கட்டங்கள் காலி என்று அப்போது உறைக்கவில்லை. எந்தத் தொகை யாருக்கு என்று தெரியாமல், அன்று ராத்திரி பில் கட்டைப் பிரித்து உட்கார்ந்து, கடைசி ரயிலைத் தவறவிட்டேன்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: மெர்ஜை எடுங்கள். அந்தக் காலத்தை அப்படியே தேர்ந்தெடுத்து எஃப்5, ஸ்பெஷல், பிளாங்க்ஸ். காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகும். சமக்குறி போட்டு, மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டி, கன்ட்ரோலோடு என்டர். எல்லாக் கட்டத்திலும் பிளாக் பெயர் இறங்கிவிடும். உடனே அதை காப்பி செய்து அதே இடத்தில் வேல்யூஸாக (ஃபார்முலா இல்லாமல் வெறும் எழுத்தாக) ஒட்டிவிடுங்கள், மறந்தால் வரிசைப்படுத்தும்போது மறுபடி குழம்பும். மேலே சங்கத்தின் பெயர் நடுவில் வர வேண்டும் என்றால் மெர்ஜ் தேவையே இல்லை. கன்ட்ரோல்-1, அலைன்மென்ட், ஹாரிசான்டல் என்பதில் சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன். பார்வைக்கு அதேதான், கட்டங்கள் தனித்தனியாகவே இருக்கும்.

ஈபி வரியைப் பாருங்கள். நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அதனால் ஒரு மாதம் பெரிய தொகை, அடுத்த மாதம் காலி. காலியாக விட்டால் 'பில் வரவில்லையா, பொருளாளர் எழுத மறந்தாரா' என்ற கேள்வி வரும். 0 என்றே வரட்டும், நம்பர் ஃபார்மேட்டில் கஸ்டம் என்பதில் #,##0;-#,##0;"-" என்று எழுதுங்கள். அரைப்புள்ளி பிரிக்கும் மூன்று பகுதிகள்: கூட்டல் எண்ணுக்கு ஒன்று, கழித்தல் எண்ணுக்கு ஒன்று, சுழிக்கு ஒன்று. சுழி வரும் இடமெல்லாம் ஒரு சிறு கோடு நிற்கும். பாக்கி இல்லாத வீடுகளிலும் அப்படியே, அப்போது பாக்கி உள்ள எண்கள் தானாகத் தெரியும், நிறமே வேண்டாம்.

பைசாவை எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஃபார்மேட்டில் மறைத்தால் மறைவதுதான், உள்ளே அப்படியே இருக்கும். மூன்று எண்களைக் கூட்டினால் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ தெரியும். கால்குலேட்டரோடு வந்து போர்டு முன்னால் நிற்கிற மாமா ஒருவர் எல்லா அடுக்ககத்திலும் உண்டு. போர்டு ஷீட்டில் ஒவ்வொரு தொகையையும் ரவுண்ட் ஃபார்முலாவில் போட்டு, அதைக் கூட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ₹ குறி வேண்டாம், தலைப்பில் ஒருமுறை போதும். அந்தக் குறியை வரைந்த உதயகுமார் நம் தமிழர், 2010-இல் அரசு ஏற்றுக்கொண்டது, பெருமைதான். அதற்காக 240 தடவை எழுத வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் உங்கள் செலவு எகிறி நிற்கிறது. மிக்ஜாம் புயல் சமயம். ஜெனரேட்டர் டீசல், பேஸ்மென்ட் தண்ணீரை இறைத்த மோட்டார் வாடகை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் போன வருடம் குடிவந்தவருக்குப் புரியாது. நீங்கள் அந்த எண்ணுக்கு மஞ்சள் அடித்திருக்கிறீர்கள், மஞ்சள் பேசாது. பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு காலம் வைத்து, 'புயல்: டீசல், மோட்டார்' என்று மூன்று சொல் எழுதுங்கள்.

தமிழ்த் தலைப்புகள் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துக் கொட்டின மாதிரி வருகிறது என்று யாராவது சொன்னார்களா? அவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி உள்ள கம்ப்யூட்டரில்தான் அது தமிழ், மற்ற இடத்தில் வெறும் ஆங்கிலக் கீறல். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் மாற்றி அடித்து, ஷீட் முழுக்க நிர்மலா யூஐ எழுத்துரு வையுங்கள். வரி உயரம் குறைவாக இருந்தால் 'கூ', 'பூ' மாதிரி எழுத்துகளின் வால் வெட்டுப்படும், வரி எண்ணுக்குக் கீழே உள்ள கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் சரியாகிவிடும்.

பிரின்டுக்கு வருவோம். உங்கள் லேப்டாப் காகித அளவையும் அமெரிக்க வழக்கப்படி லெட்டர் என்று வைத்திருக்கிறது, ஏ4-க்கு மாற்றுங்கள். பேஜ் லேஅவுட்டில் அகலம் ஒரு பக்கம், உயரம் ஆட்டோமேட்டிக். பிரின்ட் டைட்டில்ஸில் தலைப்பு வரியைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரும், ஸ்டேப்ளர் பின் போட்டதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டாம். கறுப்புப் பெட்டிக் கோடுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், தலைப்பின் கீழ் ஒன்றும் கூட்டலின் மேல் ஒன்றும் போதும். வாட்ஸ்அப்பில் எக்செல் ஃபைலை அனுப்பாமல் பிடிஎஃப் அனுப்புங்கள், நிமிர்ந்த பக்கமாக. ஐந்து காலம்தான் என்பதால் போனிலேயே படிக்கலாம்.

போர்டு ஷீட்டின் மாதிரி ஒன்றை உங்கள் ஏப்ரல் கணக்கை வைத்தே செய்து இணைத்திருக்கிறேன். நிறம் இல்லை, ஏ-08 எதிரே ஒரு சிறு கோடு மட்டும் இருக்கிறது. பதிவு ஷீட்டில் 31 தேதிகளுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அவற்றை நான் தொடவில்லை, ரசீது புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது.